கார் தம்பிக்கு

...இல்லைத் தம்பி, கதவை அப்பிடி இழுக்காதையும். தூக்கி இழுக்கோணும். இரத்தினசிங்கம் அண்ணைக்கு மட்டும்தான் இது சொல்வழி கேக்கும். மனுசன் போய் எட்டு மாசம், எனக்கு இன்னும் அடங்குதில்லை.

கார் என்ரை இல்லை, கண்டீரோ. நான் எக்ஸிகியூட்டர். சொந்தமில்லாட்டியும் அண்ணை கேட்டவுடனை ஓமெண்டிட்டன். பேரைக் கேக்க, கந்தோரிலை ஒரு பெரிய கதிரை தருவினம் போலை இருந்தது. செத்தவற்றை சோலி முழுக்கச் சுமக்கிறவனுக்குத்தான் அந்தப் பேர் எண்டு ஆர் கண்டது? பால்காரனை நிப்பாட்டோணும். லைபிரரிப் புத்தகம் குடுக்கோணும். அவற்றை கிளிக்கு வீடு தேடோணும். ஒருத்தரும் எடுக்கேல்லை, இப்ப என்ரை குசினியிலை. நான் காலடி வைச்சவுடனை அச்சொட்டா அவற்றை குரலிலை, "தம்பி, தேத்தண்ணி" எண்டும். என்ரை மனுசி ரஞ்சினி பதறிப்போய் ரெண்டுதரம் ஊத்தியும் குடுத்திட்டா.

ஆனா என்னைக் கொல்லுறது இந்தக் கார்தான். மரணசாசனத்தை ஆசுப்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்திலை இருந்து, அண்ணை சொல்லச்சொல்ல நான்தான் இங்கிலீசிலை எழுதினனான். வீடு அவற்றை தங்கச்சி யோகராணிக்கு, கார் தம்பிக்கு. "மை பிரதர்" எண்டு வடிவா எழுதினன். ரெண்டு நேர்ஸ்மார் சாட்சிக் கையெழுத்து. லோயர் ஒரு சொல் மாத்தேல்லை, தெரியுமோ.

பிறகு பார்த்தால் தம்பியைக் காணேல்லை! யாழ்ப்பாணத்துக்கு எழுதினன். தங்களுக்கு அப்பிடியொரு சகோதரமே இல்லையெண்டு யோகராணி கோவத்தோடை பதில் போட்டா. பேப்பரிலை அறிவித்தல் குடுத்தன். மெல்பேணிலை இருந்து ஒருத்தர், ஒண்டுவிட்ட தம்பியெண்டு பெட்டியோடை வந்து இறங்கினார். விசாரிச்சால் அண்ணையிலும் பார்க்க நாலு வயசு மூப்பு. ரெண்டு நாள் சாப்பிட்டிட்டுப் போனார். கடைசியா லோயர், தம்பி இல்லாட்டி வித்துப்போடு எண்டார். அதுதான் நீர் வில்லாவுட்டிலை இருந்து ரெயினேறி இந்த செவன் ஹில்ஸுக்கு வந்து நிக்கிறீர். திறப்பு உம்மடை கையிலைதானே? ஓடிப் பாரும்.

என்ன? கிளி ஆரைத் தம்பியெண்டு கூப்பிடுதோ? என்னைத்தான். வேறை ஆரை? அண்ணை எப்பவும் என்னைத் தம்பியெண்டுதான்...

கொஞ்சம் பொறும்.

"கார் தம்பிக்கு" எண்டிட்டு மனுசன் என்ரை முகத்தைப் பார்த்துச் சிரிச்சவர். ரெண்டாந்தரமும் சொன்னவர். நான் குனிஞ்ச தலை நிமிராமல் எழுதினன். என்னட்டைச் சொல்லியிருக்கு அந்த மனுசன், என்னட்டை! ஒரு நன்றி சொல்லேல்லையே நான். எட்டு மாசமாக் கிளி ஒவ்வொரு நாளும் சொல்லுது, எனக்குத்தான் விளங்கேல்லை.

திறப்பைத் தாரும். இல்லை, கார் விக்கிறதுக்கில்லை. தம்பி கிடைச்சிட்டான் எண்டு நானே எனக்குக் கடிதம் எழுதோணும்.

கோவிக்காதையும், ஸ்டேசனிலை விடுறன், ஏறும். கதவைத் தூக்கி இழும், தம்பி... சீ, இனி ஒருத்தரையும் அப்பிடிக் கூப்பிடப் பயமாக்கிடக்கு.