நோரீன் பெயருக்கு வந்த கடிதம்

எங்கள் தெருத் தபால்காரர் கடிதங்களைக் கதவுத் துளையில் பாதிதான் தள்ளுவார். மீதிப் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கோவ் துறைமுகத்தைப் பார்த்த மேட்டுத் தெரு எங்களுடையது. அயர்லாந்தின் தென்கரையில் மழைக்குக் கேட்பானேன்? எங்களுக்கு வரும் கடிதமெல்லாம் பாதி நனைந்தே வரும். முதல் கடிதமும் அப்படித்தான் வந்தது. நனையாத பாதியில் என் மனைவி நோரீனின் பெயர் இருந்தது. இணைய இணைப்பு அவள் பெயரில் இருப்பதால் மாத பில் என்று நினைத்துப் பிரித்தேன்.

பில் இல்லை. பதிப்புரிமை உள்ள ஒரு படைப்பு எங்கள் இணைப்பின் வழியாகத் திருட்டுத்தனமாக இறக்கப்பட்டதாகப் புகார் வந்திருக்கிறது, இது முதல் எச்சரிக்கை என்று இணையக் கம்பெனி மரியாதையாக எழுதியிருந்தது. மூன்றாம் எச்சரிக்கைக்கு ஒரு வாரம் இணைப்பு நிற்குமாம், நான்காவதற்கு ஒரு வருஷம். கீழே தேதி, மணி, படைப்பின் பெயர்.

அந்தப் பெயர்தான் என்னைக் குப்புறத் தள்ளியது. ஒரு தீவில் மாட்டு டாக்டராக இருப்பவனுக்கும், கலங்கரை விளக்கக் காவலரின் விதவைக்கும் நடுவே நாற்பத்திரண்டு பகுதிகளாக நடக்கும் காதல் தொடர் அது. இறக்கியது நான்தான். வங்கியைக் கொள்ளையடித்தேன் என்று எழுதியிருந்தால்கூட ஏதோ ஒரு கம்பீரம் இருந்திருக்கும்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் லோர்கன் டூஹி, வயது ஐம்பத்தொன்பது. சுங்க இலாகாவில் இருபத்தெட்டு வருஷம், கப்பல்களில் கடத்தல் சிகரெட் பிடிக்கிற வேலை. ஓய்வு பெற்றபின் ஊர் நாடகக் குழுவுக்குச் செயலாளர். குழுவில் ஒரு விதி உண்டு, நான் போட்டதுதான்: நாடகப் பிரதியை யாரும் ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது. மருந்துக்கடை பெர்னடெட் ஏழு பக்கம் எடுத்துவிட்டாள் என்று இருபது பேர் முன்னால் அவளை எழுந்து நிற்கச் சொன்னேன். "திருட்டில் சின்னது பெரியது கிடையாது" என்றேன். அவள் அழுதாள். இன்று குரல் நன்றாக எடுபட்டது என்று வீடு வரும் வழியெல்லாம் எனக்கு நினைப்பு. காதல் தொடர் பார்ப்பவர்களுக்கு மூளையில் பாசி பிடிக்கும் என்று அதே குழுவில் சொல்லிச் சிரிக்க வைத்தவனும் நான்தான்.

ஆகவே கடிதத்தை அடுப்பில் போட்டேன். இனி இல்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவு ஒன்பது நாள் தாங்கியது. இருபத்தைந்தாம் பகுதியின் கடைசியில் அந்த டாக்டர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு விதவை வீட்டு வாசலில் நிற்கிறான், கதவு திறக்கிறது, அங்கே நிறுத்திவிட்டார்கள். நானும் மனுஷன்தானே.

இரண்டாவது கடிதம் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. சனிக்கிழமை நோரீனுக்கு விடுமுறை. பல் டாக்டரிடம் வரவேற்பு வேலை பார்க்கிறாள், மற்ற நாளெல்லாம் மாலைதான் வருவாள். கடிதத்தை அவள் எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். அங்கே நானும் அவள் தம்பி கோல்மனும் ரொட்டி தின்றுகொண்டிருந்தோம்.

கோல்மனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பத்துநாலு வயது, படகு எஞ்சின் மெக்கானிக். குடியால் வேலை, வீடு, மனைவி மூன்றும் போய், எங்கள் பின்னறைக்கு வந்து சேர்ந்தான். வந்து பதினாலு மாதம், ஒரு சொட்டு தொடவில்லை. அவனுக்காக நோரீன் கிறிஸ்துமஸ் கேக்கில் பிராந்தி ஊற்றுவதைக்கூட நிறுத்திவிட்டாள். படகுத்துறையில் அரை நாள் வேலை கிடைத்திருந்தது. ஒன்பது வயது மகள் ஈஃபாவைச் சனிக்கிழமை தோறும் பார்க்கக் கோர்ட்டு அனுமதித்திருந்தது, குடிக்கவே கூடாது என்ற நிபந்தனையோடு. சனிக்கிழமை காலைகளில் இரண்டு தடவை சவரம் செய்துகொள்வான். அன்றும் செய்திருந்தான்.

நோரீன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "மாட்டு டாக்டராம், காதலாம். பிப்ரவரி பதினொண்ணு, செவ்வாய்க்கிழமை, மதியம் மூணு பத்து. டேய் கோல்மன், இது உன் வேலையா?"

"நான் இல்லக்கா. எனக்கு அந்த லேப்டாப்பத் திறக்கவே ஒழுங்காத் தெரியாது."

"செவ்வாய்க்கிழமை மதியம் நீதானடா வீட்ல இருந்த. நான் வேலையில, இவர் நாடகக் கொட்டகையில."

நான் கொட்டகையில் இல்லை. அன்று கமிட்டிக் கூட்டம் ரத்தாகிவிட்டது. கோல்மன் பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்தான், நான் மாடிப்படி மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்ல அந்த நிமிஷம் போதும். நோரீன் ஒரு வாரம் கேலி செய்வாள், குழுவில் ஒரு மாதம் சிரிப்பார்கள், பெர்னடெட் ஒரு வருஷம் சிரிப்பாள். இவ்வளவுதான் நஷ்டம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், எனக்கு அதிகமாகப் பட்டது.

"அன்னிக்கு நான் தூங்கிட்டேன்" என்றான் கோல்மன்.

"உனக்கு ஞாபகம் இல்லாம இருக்கலாம்" என்றேன் நான்.

நான் சொன்னது இந்த நான்கு சொற்கள்தான். இதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் குடித்த காலத்தில் கோல்மனுக்கு ஞாபகம் அறுந்துபோகும். ஒருமுறை பிரான்சுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்திருக்கிறான், கப்பல் கம்பெனி கூப்பிட்டுச் சொன்னபோதுதான் அவனுக்கே தெரியும். ஒருமுறை ஒரு கடையில் மூன்று கட்டில் வாங்கி வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறான். அதையெல்லாம் நான் அறிவேன். அவனும் அறிவான்.

கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான். "அத்தான், நான் குடிச்சேன்னு சொல்றீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலையே" என்றேன். உண்மையிலேயே சொல்லவில்லை.

"சரி விடுடா, ஒரு தொடருக்குப் போய் இவ்வளவா" என்றாள் நோரீன். ஆனால் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. மகளைப் பார்க்கப் புறப்படும்போது அவன் வாசலில் அக்காவை நிறுத்தி, "கொஞ்சம் மோந்து பாருக்கா" என்று வாயைத் திறந்து காட்டினான். அவள் மோந்து பார்த்தாள். பற்பசை வாசனைதான் வந்தது என்றாள்.

இத்தோடு முடிந்திருக்கும். முடிய விடாதது கோல்மன்தான் என்று நான் சொன்னால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவன் நேர்மைக்காரன், குடிகாரர்கள் பலர் அப்படித்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துக்குப் புறப்படும்போது என்னிடம் வந்தான்.

"நாளைக்குக் காலையில கம்பெனிக்குப் போன் போட்டுக் கேக்கப் போறேன், அத்தான். எந்த மெஷின்ல இருந்து போச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல? நான்தான்னா நான்தான். எனக்குத் தெரிஞ்சாகணும்."

கம்பெனிக்கு அது தெரியுமா என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது தெரியும். அவர்களுக்கு வீடு வரைக்கும்தான் தெரியும், வீட்டுக்குள் எந்த மெஷின் என்பது தெரியவே தெரியாது. ஆக, அடுத்து நான் செய்தது அநாவசியம். இதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

தலைவலி என்று நான் வீட்டில் தங்கிவிட்டேன். மணியோசை கேட்டு அவர்கள் இருவரும் தேவாலயத்துக்குப் போனதும் நாடகக் கொட்டகையைத் திறந்து, மேடைச் சாமான் பெட்டியிலிருந்து ஒரு விஸ்கி பாட்டில் எடுத்தேன். மேடையில் அதில் ஆறின டீதான் இருக்கும். கழுவினேன். வரும் வழியில் கைக்குள் அடங்கும் குட்டி விஸ்கிக் குப்பி ஒன்று வாங்கி, நாலு சொட்டு பாட்டிலுக்குள்ளும் இரண்டு சொட்டு மூடியிலும் விட்டேன். லேபிளை நகத்தால் ஒரு ஓரம் சுரண்டினேன். மேடையில் ஒரு சாமான் புத்தம் புதிதாக இருந்தால் பார்ப்பவர் நம்பமாட்டார், குழுவில் நான் அடிக்கடி சொல்வது. கோல்மனின் கருவிப்பெட்டி பின்வாசலில் இருந்தது. அடித்தட்டில், எண்ணெய்த் துணிக்குக் கீழே படுக்க வைத்தேன். பிறகு உண்மையிலேயே தலைவலி வந்துவிட்டது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அந்தப் பாட்டில் சமையலறை மேஜைமேல் நின்றது. கோல்மன் அதற்கு முன்னால் நின்றான், கைகளைத் தொங்கவிட்டு, ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்பதுபோல.

"இது எங்கடா இருந்துச்சு?" என்றாள் நோரீன்.

"என் பெட்டில. நான் வச்சதா எனக்கு ஞாபகம் இல்லக்கா. சத்தியமா ஞாபகம் இல்ல."

நோரீன் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் டீக்குத் தண்ணீர் வைத்தேன். யாராவது ஒருவர் நிதானமாக இருக்க வேண்டுமே. மூன்று பேருக்கும் ஊற்றினேன், அவனுக்கு இரண்டு சர்க்கரை போட்டேன். கம்பெனிக்கு அவன் போன் செய்யவில்லை.

மகளைப் பார்க்கும் ஏற்பாட்டைக் கண்காணிக்கக் கோர்ட்டு நியமித்த அம்மாளிடம் அவனாகவே போய்ச் சொன்னான். யாரும் கேட்கவில்லை, நானும் தூண்டவில்லை. குடித்திருக்கிறேன், எப்போது குடித்தேன் என்று தெரியவில்லை, தெரியாத நிலையில் பிள்ளையைத் தனியாகக் கூட்டிப்போவது சரியில்லை என்றானாம். அந்த அம்மாள் பாராட்டிவிட்டுச் சனிக்கிழமைகளை நிறுத்தினாள். ஒரு வருஷம் கழித்துப் பார்ப்பார்களாம். அவனை விட்டுப் பிரிந்த மனைவி மரியன் நோரீனுக்குப் போன் செய்து, ஈஃபா காரணம் கேட்கிறாள், என்ன சொல்லட்டும் என்றாள். நோரீனுக்குப் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரியும், என்னை யாரும் கேட்கவில்லை.

மூன்று வாரம் தாக்குப்பிடித்தான். தூங்கப் பயந்தான். தூங்கினால் எழுந்துபோய்க் குடித்துவிடுவோமோ என்று கதவு கைப்பிடியில் தன் மணிக்கட்டைக் கயிற்றால் கட்டிக்கொண்டு படுத்தான். அந்தக் கயிற்றை நான்தான் தேடிக் கொடுத்தேன். ஒரு மதியம் படகுத்துறைக்கு எதிரே இருக்கும் மதுக்கடை வாசலில் அவனைப் பார்த்தேன், கையில் கிளாஸ்.

"தெரியாம குடிக்கிறதுக்குத் தெரிஞ்சே குடிச்சா ருசியாவது இருக்கும்ல அத்தான்" என்றான். நல்ல வசனம். குழுவில் யாரும் அவ்வளவு இயல்பாகச் சொல்லமாட்டார்கள்.

மே மாதம் படகுத்துறை வேலை போனது. ஜூனில் கரையேற்றி வைத்த ஒரு படகுக்குள், தார்ப்பாய்க்கு அடியில், கணுக்கால் உடைந்து கிடந்தவனைக் கண்டெடுத்தார்கள். இரண்டு நாளாகக் கிடந்திருக்கிறான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் குடிநோய் விடுதிக்கு அனுப்பினார்கள், பதினொரு வாரம்.

இதற்கு நடுவே ஊர் நூலகத்தில் அந்தத் தொடர் முழுவதும் டிவிடியாக இருப்பதைப் பார்த்தேன். இரண்டாம் அலமாரியில் இருந்தது. இரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறதாம், யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துப்போகலாம். சமையல் புத்தகத்துக்குக் கீழே மறைத்து எடுத்துவந்து மிச்சத்தைப் பார்த்து முடித்தேன். கடைசியில் அந்த டாக்டர் விதவையை விட்டுவிட்டு நியூசிலாந்துக்குப் போய்விடுகிறான். எனக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டு பகுதிக்கு முன்னால் அவன் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருவருக்கும் கஷ்டம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கோல்மன் வீட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான், கைத்தடி வைத்திருந்தான், சவரம் ஒழுங்காக இருந்தது. குடியால் யாருக்கெல்லாம் தீங்கு செய்தோமோ அவர்களை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்பது விடுதியில் ஒரு பாடமாம். பட்டியல் எழுதிய தாள் சட்டைப்பையில் இருந்தது. என் பெயர் நாலாவது. முன்னறையில் என் எதிரே உட்கார்ந்தான், நோரீன் கதவருகே நின்றாள்.

"அத்தான், உங்க வீட்ல உக்காந்துக்கிட்டு, உங்க இணைப்புல திருடி, அக்கா பேருக்கு எச்சரிக்கை வரவச்சேன். அதக் கேட்டப்ப இல்லன்னு சாதிச்சேன். நாடகத்துல ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுக்க விடாத ஆளு நீங்க, உங்களுக்கு எவ்வளவு கேவலமா இருந்திருக்கும். இருந்தும் என்னை நேரா நீதான்டான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லல. அதுக்காகத்தான் மன்னிப்புக் கேக்க வந்தேன்."

நான் வாயைத் திறந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தேன், இதை நீங்கள் நம்பலாம். ஆனால் அந்த மனுஷன் பதினொரு வாரம் பாடுபட்டு, தான் யார் என்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறான். அதை மறுபடி கலைத்துப் போட்டால் அவன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்? அவன் நிலைமையையும் யோசிக்க வேண்டும் இல்லையா.

"போனது போகட்டும்டா" என்றேன். "நான் மன்னிச்சுட்டேன்."

அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். பிறகு தாளை எடுத்து என் பெயரின் மேல் கோடு போட்டுவிட்டு, அடுத்த பெயர் ஈஃபா, ஆனால் பார்க்க இன்னும் அனுமதி வரவில்லை என்றான்.

அவன் இறக்கத்தில் மெல்ல நடந்து போவதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நோரீன் பின்னால் வந்து என் தோளில் தலையைச் சாய்த்து, "உனக்கு எவ்வளவு பெரிய மனசு, லோர்கன்" என்றாள்.

நான் மறுத்துப் பேசவில்லை. அவள் அன்றைக்கு ஏற்கனவே நிறைய அழுதிருந்தாள்.