உரிமையாளருக்குத் தெரியாமல்

இல்லம்மா, ரிப்பேர் வேண்டாம். ரிப்பேருக்குன்னா நேத்தே போனை விட்டுட்டுப் போயிருப்பேனே. இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து, கீழ உங்க கடை சீல், அவ்வளவுதான். வாசகம்கூட நானே எழுதிக் கொண்டுவந்துட்டேன். நேத்து நீங்க வாயால சொன்னதுதான், கொஞ்சம் நிமிர்த்தி உட்கார வச்சிருக்கேன்.

படிச்சுப் பாருங்க. நெத்தியில கட்டியிருக்கிற லைட்டை அணைச்சுட்டே படிக்கலாம், எழுத்து பெருசாதான் இருக்கு. மேற்படி கைபேசியில், உரிமையாளருக்குத் தெரியாமல், அவர் செல்லுமிடங்களைப் பிறருக்குத் தெரிவிக்கும் நிரல் ஒன்று நிறுவப்பட்டிருந்தது. நிரல்னா ஆப்தாம்மா. எழுதறப்போ நிரல், பேசறப்போ ஆப். ரெண்டு வீட்டுக்காரன் மாதிரி, எங்க எதைப் பேசணும்னு பழகிப்போச்சு.

எது இடிக்குது? உரிமையாளருக்குத் தெரியாமல், அதுவா? அதை எடுத்துட்டா தாள்ல அப்புறம் என்ன இருக்கு? மத்ததெல்லாம் சும்மா மேளம். எனக்கு வேண்டியதே அந்த ரெண்டு வார்த்தைதான்.

சார், ரெண்டே நிமிஷம். நீங்க கண்ணாடி உடைஞ்சு வந்திருக்கீங்க, மாத்திடலாம். என் கேஸ் வேற. கொஞ்சம் உட்காருங்க.

கேளுங்கம்மா. நேத்து நீங்கதானே இதைத் திறந்து பாத்துட்டு, சார், இதுல ஏன் ரெண்டு கால்குலேட்டர் இருக்குன்னு கேட்டீங்க? ஒண்ணு கூட்டிச்சு, இன்னொண்ணு எதைக் குடுத்தாலும் கூட்டல. அதுதான் வேவு பாக்கிற ஆப்னீங்க. வந்த தேதியையும் சொன்னீங்க. அன்னைக்கு எனக்கு ஒரு படம் வந்துச்சு. யாரோ தெரியாத நம்பர். என் பொண்ணு கல்யாணத்துல எடுத்தது. மேடையில நானும் அவளும் நிக்கிறோம், அவ என்னைப் பாத்துச் சிரிக்கிறா. யாரோ சொந்தக்காரங்க அனுப்பியிருக்காங்கன்னு திறந்தேன். வேற எதையும் தொடலம்மா. திறந்தேன், பாத்தேன், கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். அவ்வளவுதான்.

அதெப்படி படத்தைத் திறந்தாலே உள்ள வரும்னு நான் கேக்கமாட்டேன். எனக்குத் தெரியும். அதுதான் கேவலமே.

நான் என்ன வேலை பாக்கறேன்னு நேத்து சொல்லல. வெக்கமா இருந்துச்சு. உங்க போன்ல மேலேர்ந்து ஒரு பெட்டி இறங்குமே, முக்கியப் பாதுகாப்புப் புதுப்பிப்பு தயாராக உள்ளது, இப்போது நிறுவவும், பிறகு நினைவூட்டவும்னு, அது என் கைவேலை. மாசா மாசம் கம்பெனியிலேர்ந்து இங்கிலீஷ்ல வரும், நான் தமிழாக்கிக் குடுப்பேன். பதினோரு வருஷமா. பிறகு நினைவூட்டவும்னு போட்டதே நான்தான். முன்னாடி தள்ளிப்போடுன்னு மொட்டையா இருந்துச்சு. மனுஷனைப் பாத்துப் பேசற மாதிரியா இருக்குன்னு சண்டை போட்டு மாத்தினேன்.

சிரிங்க, சிரிங்க. இருபத்திரெண்டு மாசமா அப்டேட்டே பண்ணல சார்னு நேத்து என்னைத் திட்டினீங்களே, யாரைத் திட்டறோம்னு தெரியாமலே திட்டினீங்க.

ஏன் பண்ணலன்னா என்ன சொல்ல? சமைக்கிறவங்களுக்கு வாசனையிலேயே வயிறு நிறைஞ்சுடும்ல? எனக்கு வர்ற வாசகம் மாசா மாசம் ஒரே மாதிரிதான் இருக்கும். போன மாசத்துதை எடுத்து, தேதியை மாத்தி, ஒண்ணு ரெண்டு வரி சேத்தா வேலை முடிஞ்சுது. அப்படியே உள்ள வர்றதும் தேதி மாத்தின பழசுதான்னு மனசுல விழுந்துடுச்சு. பெட்டி இறங்கும்போதெல்லாம் என் தமிழை ஒரு தடவை படிப்பேன், நல்லாதான் இருக்குன்னு நினைச்சுப்பேன், பிறகுன்னு அமுக்குவேன்.

அந்த ஒண்ணு ரெண்டு வரியில ஒண்ணு எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. படங்களைத் திறக்கும்போது பிறர் ஊடுருவ இடமளித்த குறைபாடு ஒன்று களையப்பட்டுள்ளது. சரிசெய்யப்பட்டுள்ளதுன்னுதான் முதல்ல எழுதினேன். களையப்பட்டுள்ளதுன்னா இன்னும் அழகா இருக்கும்னு மாத்தினேன். இந்தப் படம் வர்றதுக்கு நாலு மாசம் முன்னாடி. நாலு மாசம்மா! அன்னைக்கு ஒரு இருபது நிமிஷம் இந்தப் போனை சார்ஜ்ல போட்டு வச்சிருந்தா போதும்.

இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க. ஓட்டையை அடைச்சோம்னு அறிவிக்கிறோமே, எங்க ஓட்டை இருந்துச்சுன்னு திருட்டுப் பயலுக்கும் சேத்துதானே சொல்றோம்? அடைச்சவங்க தப்பிச்சாங்க. அடைக்காதவங்க வீட்டுக்கு வழி காட்டினதாப் போச்சு. அப்போ நேரம் ஆக ஆக ஆபத்து ஏறுதே தவிர இறங்கல. நான் ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டுட்டு, என் வீட்டுக் கதவைத் திறந்து போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன்.

அனுப்பினது யாரா? மாப்பிள்ளை. அப்படிச் சொல்லக் கூடாது, ஆனா நாக்கு பழகிப்போச்சு. என் பொண்ணு அவனை விட்டு வந்து ஒன்பது மாசம் ஆச்சு. ஏன்னு கேக்காதீங்க. கேட்டா அவ சட்டையோட முழுக்கையை மடிச்சுக் காட்டுவா, அதைப் பாக்கறதுக்கு எனக்குத் தெம்பில்ல. அவன் கையில சிக்காம இருக்கணும்னு தனியா வீடு எடுத்தா. முதல் வீடு சரிப்பட்டு வரல. இது ரெண்டாவது. விலாசம் அவ தோழி ஒருத்திக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவ்வளவுதான்.

எழுதி வச்சுக்காதீங்கப்பான்னா. எழுதல. மனப்பாடம் பண்ணிக்கிட்டேன். ஒரே ஒரு தடவைதான் போனேன். எப்படிப் போனேன் தெரியுமா? ரெண்டு பஸ் மாறி, ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி, ஒரு துணிக்கடைக்குள்ள போய் ரெண்டு சட்டையைத் தடவிப் பாத்துட்டு, பின்வாசல் வழியா வெளிய வந்தேன். வேணும்னே தப்பான தெருவுல ஒரு சுத்து. திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டேதான் போனேன். பின்னாடி ஒரு நாய்கூட வரல. பெரிய சாமர்த்தியம்னு மாடி ஏறும்போது எனக்கே சிரிப்பு வந்துச்சு. இந்தப் போன் சட்டைப் பையில இருந்துச்சு. துணிக்கடை உட்பட எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே வந்திருக்கு.

நாலாவது நாள் அவன் போய்க் கதவைத் தட்டியிருக்கான். அப்பாதான் மறுபடி வந்துட்டாருன்னு இவ திறந்துட்டா.

உயிருக்கு ஒண்ணும் இல்லம்மா. இடது கை கட்டுல இருக்கு. அதோட வேற எங்கயோ போயிட்டா. இந்தத் தடவை எங்கன்னு எனக்குத் தெரியாது.

போலீஸ்ல குடுத்தாச்சு. போனைக் கேப்பாங்களாம், கேக்கும்போது குடுக்கணுமாம், எப்போ கேப்பாங்கன்னு அவங்களுக்கே தெரியாதாம். அதனாலதான் எதையும் அழிக்காதீங்கன்னேன். புது போனா? வாங்கியாச்சு, பையில இருக்கு, இன்னும் பிரிக்கல. பிரிச்சதும் அப்டேட் பண்ணிடுவேன், கவலைப்படாதீங்க. ஆனா அதுல யார் கூப்பிடப் போறாங்க?

போகறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை கூப்பிட்டா. நீங்களாப்பா? அதான் கேட்டது. இல்லம்மான்னேன். வச்சுட்டா. அவ தோழிகிட்ட கெஞ்சினேன். நீங்க சொல்றதையெல்லாம் போய்ச் சொல்லமாட்டேன் அங்கிள், யாராவது விஷயம் தெரிஞ்சவங்க எழுதிக் குடுத்த தாள் இருந்தா கொண்டுபோய்க் குடுக்கறேன்னுட்டா. அந்தத் தாள்தான் இது.

புரியுதும்மா. ஆப் இருந்துச்சுன்னு எழுதுவீங்க, தேதி எழுதுவீங்க. எனக்குத் தெரியாமதான் வந்துச்சுன்னு நீங்க எப்படி எழுதுவீங்க? நானே வச்சிருக்கலாம், நானே அவனுக்கு வழி விட்டிருக்கலாம். எந்த மெஷின்ல போட்டாலும் அது தெரியாது. நியாயம். நாங்கள் பார்த்த வரையில்னு முன்னாடி சேத்துக்கலாமா? அப்படிச் சேத்தா அவ நம்பமாட்டா. கம்பெனி நழுவிக்கிறதுக்கு அந்த மாதிரி வாக்கியம் எழுதித்தான் அவளைப் படிக்க வச்சேன். எதுக்கு எழுதறதுன்னு அவளுக்குத் தெரியும்.

சரி, அந்த ரெண்டு வார்த்தையை நீங்களே அடிச்சுடுங்க. என் பேனா வேண்டாம், உங்க பேனாவால அடிங்க. அடிச்ச இடத்துல ஒரு சின்னக் கையெழுத்து. பரவாயில்ல, இருக்கிறது இருக்கட்டும்.

இந்தாங்க சார், நீங்க வாங்க, என் வேலை முடிஞ்சுது.

என்னம்மா? பெத்த அப்பா சொன்னா நம்பமாட்டாங்களான்னா? நம்பியிருப்பா. முதல் வீட்ல இருக்கும்போது இவன் என்னைத் தேடி வந்தான். என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். ஒரு தடவை பாத்து மன்னிப்புக் கேட்டா போதும் மாமான்னான். ஒரு தாளை எடுத்து விலாசத்தை எழுதிக் குடுத்தேன். தெளிவா, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாம. எந்த பஸ், எங்க இறங்கணும்னும் கீழ எழுதினேன்.