இரண்டு பக்கமும் காஜா எடுத்த சட்டை

காவிரி ஒரு கரை, கொள்ளிடம் மறு கரை என்று நீர் சூழ நிமிர்ந்து நிற்கும் ஸ்ரீரங்கத்தில், எங்கள் கல்லூரியின் முத்தமிழ் விழாவுக்குத் தலைமை ஏற்று, "அஞ்சே நிமிஷம்தான்" என்று எனக்கு மூன்று முறை சொல்லி அனுப்பிய தமிழ்த்துறைத் தலைவர் ஆனந்தவள்ளி அம்மையார் அவர்களே! முன்வரிசையை முற்றுகையிட்ட மூத்தோர்களே! மின்விசிறி சுழலும் இடமாகப் பார்த்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வலப்பக்கம் வாய்மூடாத மாணவியரே! இடப்பக்கம் இன்னும் கண்விழிக்காத மாணவர்களே! இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒரு நடைபாதை கிடக்கிறதே, அதில் எங்கே நாற்காலி போடுவது என்று மூன்று ஆண்டுகளாக யோசிக்கும் கலைமதியின் வணக்கம்!

கை தட்டாதீர்கள், ஐந்து நிமிடத்தில் அதையும் கழித்துவிடுவார்கள்.

ஆம், அவையோரே! நான் ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல. முதலாமாண்டில் இதை அம்மாவிடம் சொன்னேன். ஏற இறங்கப் பார்த்தார். "சரி, சாப்டியா?" என்றார். பிறகு இரண்டு நாள் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் என் தட்டில் மட்டும் எதுவும் குறையவில்லை.

இன்று எனக்கு ஒரே ஓர் ஆசை. எனக்குப் பிடித்த உடையில் இங்கே நிற்க வேண்டும். அதை என் அம்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். கேட்டதும் அம்மா சொன்னார்: "உங்க மாமா வீடு ஸ்ரீரங்கத்துலதான் இருக்கு. அங்க போய் வேட்டியும் ஜிமிக்கியுமா நிப்பியா? நான் வரமாட்டேன்."

என்ன தம்பி கேட்கிறீர்கள்? ஜிமிக்கி எங்கே வாங்கியதா? சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம். உங்களுக்கும் எடுப்பாக இருக்கும், கூச்சப்படாதீர்கள்.

வேட்டி கிடைத்தது, ஜிமிக்கி கிடைத்தது. சட்டை? கனகாம்பர நிறத்தில் துணி எடுத்துக்கொண்டு பாலக்கரை கலீம் பாயிடம் போனேன். முப்பது ஆண்டுகளாகத் தைப்பவர். அளவெடுத்து முடித்துவிட்டுத் தயங்கினார்.

"பட்டன் எந்தப் பக்கம் வைக்கணும்? ஜென்ட்ஸ்னா வலது, லேடீஸ்னா இடது."

"ரெண்டும் வேணாம் பாய். உங்களுக்குச் சரின்னு படற மாதிரி தைங்க."

பாவம், அந்த மனிதர்! கத்திரிக்கோலுக்கு அஞ்சாதவர், கஸ்டமருக்கு அஞ்சாதவர், ரம்ஜான் கூட்டத்துக்கே அஞ்சாதவர் என் பட்டனுக்கு அஞ்சினார்! நேற்று மாலை சட்டையை நீட்டினார். பட்டன் நுழையும் ஓட்டை, அதுதான் காஜா, இடப்பக்கமும் இருந்தது, வலப்பக்கமும் இருந்தது!

"ஒரு பக்கம் எடுத்தேன், மனசு கேக்கல. இன்னொரு பக்கமும் எடுத்துட்டேன்."

"சரி பாய், பட்டன்?"

"அதுக்கு எங்க இடம் இருக்கு?"

இன்று காலை எடமலைப்பட்டி புதூரில், எங்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் அந்தச் சட்டையோடு நின்றேன். ஊக்கு குத்தினேன், பிரிந்துகொண்டது. மறுபடி குத்தினேன், விரலில் ஏறியது. அழுகை வந்தது, அவையோரே! மேடையில் முழங்குகிற இந்தக் குரல் ஓர் ஊக்குக்காக அழுதது.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பீரோவைத் திறந்தார். அப்பாவின் கல்யாணப் பட்டு ஜிப்பாவிலிருந்து ஒரு செயின் பட்டனைக் கழற்றினார். மெல்லிய சங்கிலியில் கோத்த நாலு பட்டன். அதை எந்தப் பக்கமும் தைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் காஜா இருந்தால்தான் அது நிற்கவே நிற்கும்! ஒவ்வொன்றாக நுழைத்துவிட்டு, "நிமிந்து நில்லு" என்றார். "வரியாம்மா?" என்றேன். "அடுப்புல வேலை இருக்கு" என்று போய்விட்டார்.

இடப்பக்கம் நான்காம் வரிசையில் திடுக்கிட்டு நிமிரும் என் அப்பா அவர்களே! வீட்டுக்குப் போய் பட்டனைத் தேடாதீர்கள். இதோ மின்னுகிறது!

அவையோரே, ஒன்று கேட்கிறேன். இந்த ஸ்ரீரங்கத்தைப் பார்த்து, "நீ காவிரியா, கொள்ளிடமா? ஒரு பக்கம் ஒதுங்கு!" என்று யாராவது அதட்டியதுண்டா? இரண்டு ஆற்றுக்கும் நடுவே இருப்பதால் இது ஊரே இல்லை என்று சொன்னதுண்டா? பாலம் கட்டி வந்தீர்கள்! பஸ் பிடித்து வந்தீர்கள்! படியேறிக் கும்பிட்டுப் போகிறீர்கள்! மண்ணுக்குக் கொடுத்த அந்த மரியாதையை மனிதருக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

மணி அடிக்கப் போகிறார்கள். ஐந்து நிமிடத்தை ஏழாக்கிய என்னைப் பொறுத்த தலைவருக்கும், தூக்கம் கலைந்த தோழர்களுக்கும், மனசு கேட்காத கலீம் பாய்க்கும் என் நன்றி!

மிச்சமிருக்கும் வணக்கம் அந்த வாசலுக்கு. அங்கே, நடைபாதை தொடங்கும் இடத்தில், பையை மார்போடு பிடித்துக்கொண்டு ஒருவர் அரைமணி நேரமாக நிற்கிறார். அடுப்பில் வேலை இருப்பதாகச் சொன்னவர்.

அம்மா, உள்ளே வாம்மா. பெண்கள் பக்கம் ஒரு நாற்காலியில் கைக்குட்டை போட்டு வச்சிருக்கேன். அப்பா பக்கத்துலயும் ஒண்ணு போட்டு வச்சிருக்கேன். உனக்கு எந்தப் பக்கம் பிடிக்குதோ, அங்க உட்காரு.