கொழம்புக்கு எந்த இறந்தகாலம்

— மச்சான், மிஷின் ஓடுச்சா, ஓடிக்கிட்டு இருந்துச்சா?

— ரெண்டும் ஒண்ணுதானே அஸ்வினி?

— தமிழ்ல நீங்க மழுப்பிரலாம். இத்தாலியன்ல கதை சொல்ல ரெண்டு இறந்தகாலம் இருக்கு. ஒரு தடவ நடந்து முடிஞ்சதுக்கு ஒண்ணு. வழக்கமா நடந்துக்கிட்டே இருந்ததுக்கு இன்னொண்ணு.

— கொழுந்தியா இத்தாலியன் படிக்கிறான்னு கப்பலூர் பூராம் பெருமையடிச்சேன் பாரு, என்னையச் சொல்லணும். சரி, ஓடிக்கிட்டு இருந்துச்சு. அட்டைப்பெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தோம். திடீர்னு நின்னுருச்சு. இம்புட்டுத்தான். அந்த இத்தாலி இன்ஜினியருக்கு அனுப்பிவிடு.

— ஏன் நின்னுச்சு?

— ...உள்ள ஏதோ விழுந்துருச்சு.

— என்னது?

— தண்ணி மாதிரி...

— நீங்க குடுத்த போட்டோவுல கறிவேப்பிலை தெரியுது மச்சான்.

— கொழம்பு. பசை காய்ச்சுற தொட்டி மூடி நல்லாச் சுடும். தூக்குச்சட்டிய அதுமேல வச்சா சாப்பாட்டு நேரத்துக்குச் சூடாயிரும். அன்னைக்குச் சரிஞ்சுருச்சு.

— வச்சீங்களா, வச்சுக்கிட்டு இருந்தீங்களா?

— உங்கக்கா கூட இம்புட்டு நோண்ட மாட்டா.

— மச்சான்...

— தினமும்தான். எல்லாருந்தான். போதுமா? இது தெரிஞ்சா ஓசியில ரிப்பேர் பண்ண மாட்டாய்ங்க. ஓனர் என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாரு. ஒரே ஒரு தடவைன்னு போடு தாயி.

— அனுப்பிட்டேனே.

— எப்ப?

— நீங்க சொல்லச் சொல்ல அடிச்சு அனுப்பிக்கிட்டுத்தானே இருந்தேன்.

— எந்த இறந்தகாலத்துல?

— தினமும்ங்குறதுல.

— போச்சு. இனி ஆரப்பாளையத்துல டீ ஆத்த வேண்டியதுதான்.

— இருங்க, பதில் வந்துருச்சு.

— படிக்காத.

— சரி.

— ...படி.

— ‘பார்ட்ட ஓசியாவே அனுப்புறேன். ஆனா எங்க கம்பெனிக்கு எழுதுறப்ப, ஒரே ஒரு நாள்தான் வச்சோம்னு எழுதுங்க, தயவுசெஞ்சு’ங்குறாரு. அவரு எதுக்கு மச்சான் நம்மகிட்டத் தயவு கேக்குறாரு?

— மிஷின் மாட்ட வந்தவரே அவருதான், மூணு வாரம் எங்ககூடத்தானே இருந்தாரு. தெனம் காஞ்ச ரொட்டிய அந்த மூடிமேலதான் சூடாக்கிக்கிட்டு இருந்தாரு. அவரப் பாத்துத்தானே நாங்க சட்டிய வச்சோம்.