ஒரு மணலையும் உள்ளே விடாத யோசுவா மேஸ்திரிக்கு

பாறசாலை ஆஸ்பத்திரி வண்டிக்கொட்டகையின் மூத்த கையே! முப்பத்தோராண்டு முகம் சுளிக்காத உழைப்பே! எண்ணெய்க் கறைக்கு நடுவிலும் எள்ளளவு அழுக்கேறாத நெஞ்சே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் யோசுவா மேஸ்திரி அவர்களே, வணக்கம்!

நேரில் புகழ்ந்தால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஆகையால் யாரோ ஒரு மேஸ்திரியின் கதைபோல் சொல்கிறோம். தயவுசெய்து நாற்காலியிலேயே இருங்கள்.

ஐம்பத்து நாலில், மாநில எல்லைக் கிளர்ச்சி கொழுந்துவிட்டெரிந்த ஒரு நாள், சாலையெங்கும் கல்லும் வெட்டிப்போட்ட மரமும் கிடந்தன. பொழியூரில் விலாசினி என்ற பெண்ணுக்கு இரண்டு நாளாகப் பேற்றுநோவு. கார் போகாது; ஆஸ்பத்திரி மோட்டார் சைக்கிள்தான் கதி. பொன்னையன் ஓட்ட, நர்ஸ் சுகிர்தபாய் பின்னால் ஏறியதும் வண்டி இருமி நின்றது. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் பிளக்கில் கரி.

மேஸ்திரி எடுத்த எடுப்பில் ஸ்பானரைத் தொடவில்லை. சைக்கிள் பம்பால் பிளக்கைச் சுற்றியிருந்த மணலை ஊதினார். கோழியிறகால் துடைத்தார். பிறகு ஸ்பானரால் அரைச்சுற்று மட்டும் தளர்த்தி மறுபடியும் ஊதினார்.

“மேஸ்திரி, அங்க ஒரு உயிரு துடிச்சிட்டு கெடக்கு, நீரு இஞ்ச ஊதிட்டா இருக்கீரு? சட்டுனு கழத்தும்!” என்று சுகிர்தபாய் கத்தினார்.

“ஒரு மணலு உள்ள விழுந்தா பிஸ்டனைக் கீறிப்போடும் மக்கா. பெறவு பாதி வழியில நீ நடக்கணுமாக்கும்.”

சொன்னாரே தவிர, அவசரம் அவருக்கும் இருந்தது. முன்பொருமுறை அவசரத்தில் ஊதாமல் கழற்றியதால் வண்டி குளத்தூரில் நின்று, நர்ஸ் ஆறு மைல் நடந்தார். அந்த நடையை மேஸ்திரி மறக்கவேயில்லை.

பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்ட அவர் திரும்பிய நேரத்தில் எங்களில் ஓர் அதிபுத்திசாலி உதவிக்கு வந்தார். எந்த ஓட்டையைக் கண்டாலும் தென்னை நாரை அடைப்பது நம் ஊர் வழக்கமல்லவா! மீன்பிடி வள்ளத்தின் பலகைப் பொருத்தில் அடைப்பதுபோல் அந்த மகான் பிளக் துவாரத்திலும் நாரைத் திணித்தார். இழுத்தபோது பாதிதான் வந்தது; மீதி அறுந்து உள்ளே நின்றுவிட்டது.

எல்லை இங்கேயா அங்கேயா என்று தமிழிலும் மலையாளத்திலும் வழக்காடிக்கொண்டிருந்த கொட்டகை, வழக்கை விட்டுவிட்டு வண்டியைச் சுற்றிக் கூடியது. மேஸ்திரியின் வாயிலிருந்து ஒரு வசைச்சொல் வரவில்லை. “மாறி நில்லுங்க” என்று மட்டும் சொல்லி, துவாரத்தைத் திறந்துவைத்தபடியே கிக்கரை ஓங்கி மிதித்தார். புஸ்ஸென்ற காற்றோடு நார் வெளியே பறந்தது. டார்ச் அடித்துப் பார்த்து, பிளக்கை விரலாலேயே திருகி ஏற்றி, கடைசியில்தான் ஸ்பானர் வைத்தார். வண்டி ஒரே மிதியில் பிடித்தது.

சுகிர்தபாய் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அன்று பிறந்தவள் இதோ, முதல் வரிசையில் தங்கள் பக்கத்தில், விலாசினியின் மடியிலிருந்து தங்கள் பொன்னாடையின் குஞ்சத்தை இழுத்துக்கொண்டிருக்கிறாள்!

மேஸ்திரி அவர்களே! வருகிற நவம்பர் முதல், புது எல்லைப்படி களியக்காவிளையிலுள்ள தங்கள் வீடு ஒரு மாநிலம்; எங்கள் கொட்டகை வேறு மாநிலம். இருந்தால் என்ன? காலைச் சாயாவுக்கு நடந்து வாருங்கள். தங்கள் முக்காலியில் வேறெவரும் உட்காரமாட்டோம். அந்தச் சைக்கிள் பம்பைத் தங்களுக்கே பரிசாகத் தருகிறோம். மூச்சு முட்டாமல், முழங்கால் நோகாமல், தங்கள் துணைவியார் செல்லபாய் அம்மாளோடு நூறாண்டு வாழ்க!

பாறசாலை, 30.9.1956

அன்பு மாறாத வண்டிக்கொட்டகைத் தொழிலாளர்கள்

எழுதி வாசிப்பவன்: அன்று நாரைத் திணித்தவன், ஆஸ்பத்திரி மேலாளர் மும்முறை விசாரித்தும் தாங்கள் பெயர் சொல்லாமல் காத்த ஜெயதாஸ்.