மாலை போட்ட மோட்டார் சைக்கிள்

"தோட்டத்துத் தொரையே நாப்பது வயசுல பயந்துபோயி வித்த வண்டிங்க அது!"

பதுளை ஆஸ்பத்திரியில் மருந்துக்கு நின்ற வரிசையில், எனக்கு முன்னால் இருந்த அம்மாள் இப்படிக் கத்தியதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் அவளுடைய கணவர், ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி. அறுபது வயதிருக்கும். வலது கையில் கட்டு.

"அவரு பயந்தா நானும் பயப்படணுமா?"

"ஒங்களுக்கு எதுக்கு மோட்டார் சைக்கிளு? காலையில பெரட்டுல ஆள் எண்ண நடந்து போனா ஆகாதா?"

"நடந்தா மேட்டுல மூச்சு வாங்குது. வண்டியில ஏறிட்டா வயசே தெரியல."

"விழுந்தப்ப தெரிஞ்சுச்சா?"

"நான் எங்க விழுந்தேன்? ஆயுத பூசைக்கு நீ கட்டுன மாலை அவுந்து முன் சக்கரத்துல சுத்திக்கிச்சு. வண்டிதான் விழுந்துச்சு."

"ஓட்டுறதுக்கு முன்னாடி அதைக் கழட்டி வைக்கணும்னு தெரியாதா?"

"சாமிக்குப் போட்ட மாலை, மூணு நாளைக்குக் கை வைக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

வரிசை இரண்டடி நகர்ந்தது. அம்மாள், அவர் இடது கையில் பிடித்திருந்த வெறும் மருந்துப் போத்தலை வெடுக்கென்று பிடுங்கித் தான் வைத்துக்கொண்டாள்.

"சொல்லேன், யாரு சொன்னது?"

"சும்மா கத்தாதீங்க, ஆளுங்க பாக்குறாங்க."

மருந்து கொடுக்கும் ஜன்னல் வந்தது. போத்தலை உள்ளே நீட்டிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"வர்ற வருசம் சின்ன மாலையா கட்டுறேன்."