எட்டாவது கன்டெய்னர்

காலை ஆறு மணிக்கு எழுந்துகொள்வேன். ஆக்ஸிஜன் இயந்திரத்தின் குப்பியில் தண்ணீர் மாற்றுவேன். குழாயைத் துடைப்பேன். மனைவியின் விரலில் கிளிப்பை மாட்டிவிட்டு, கட்டிலருகே இருக்கும் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன். காபி போட்டு அவளுக்குக் கொடுத்துவிட்டு நானும் குடிப்பேன். ஏழரைக்கு லேப்டாப்பைத் திறந்துவிடுவேன். பதினான்கு மாதத்தில் ஒரு நாளும் இது பிசகியதில்லை. இதையும் உங்கள் அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெட்டி அவளுடைய ஆக்ஸிஜன் அளவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். அளவு இறங்கினால் அங்கே நர்ஸின் திரையில் அலாரம் அடிக்கும். அவர் வீட்டுக்குப் போன் செய்வார். தேவையென்றால் ஆம்புலன்ஸ் வரும். இதற்குப் பின்னால் ஏழு சர்வர்கள் இருக்கின்றன. அளவுகளை வாங்க ஒன்று, வரிசையில் நிறுத்த ஒன்று, சேமிக்க ஒன்று, அலாரம் அடிக்க ஒன்று, இப்படி. அந்த மென்பொருளை எழுதிய நிறுவனத்தில்தான் எனக்கு வேலை. அதை நிறுவும் கையேட்டை எழுதியவனும் நான்தான். உங்கள் விசாரணைக் குழுவில் யாரும் அதைப் புரட்டியதாகக்கூடத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்காரர்கள் அலாரத்தைக் குத்துமதிப்பாக அமைத்திருந்தார்கள். அவள் புரண்டு படுத்தால் கிளிப் நழுவும். உடனே போன் வரும். ஒரு நாளைக்கு நான்கு முறை. பேசுவது எப்போதும் அதே நர்ஸ்.

"என்னம்மா, இன்னிக்கும் என்னை ஏமாத்திட்டியா?"

"உங்க குரலைக் கேக்காம இந்தப் பெட்டிக்குப் பொழுது போகலக்கா."

"வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

"சுவத்தைப் பாத்துப் பேசிட்டிருக்காரு. கேட்டா மீட்டிங்கும்பாரு."

இருவரும் சிரிப்பார்கள். இருபது நிமிடம் ஓடும். அந்த நர்ஸின் மாமியார் கதை முழுக்க எனக்கு மனப்பாடம். சிரித்தால் என் மனைவிக்கு மூச்சு வாங்கும். அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை. வேறு காரணம் இல்லை.

அலாரத்தைச் சரிசெய்யச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை எழுதினேன். பரிசீலிக்கிறோம் என்று மூன்று முறையும் பதில் வந்தது. சரி என்று ஏழு சர்வர்களையும் என் மேசைக்கே கொண்டுவந்தேன்.

உங்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். கன்டெய்னர் என்பது ஒரு டப்பா. ஒரே கணினிக்குள் ஏழு டப்பாக்களை ஓடவிடலாம். ஒவ்வொன்றும் தன்னைத் தனி சர்வர் என்று நம்பிக்கொண்டு சொன்ன வேலையைச் செய்யும். அரட்டை அடிக்காது. ஒரே மதியத்தில் ஏழும் ஓடின. பெட்டியின் கடவுச்சொல் அதன் அடியிலேயே ஸ்டிக்கரில் இருந்தது. அவர்களுடைய பாதுகாப்பின் லட்சணம் அது. முகவரியை மாற்றிப் பெட்டியை என் கணினியோடு பேச வைத்தேன். அலாரம் இனி என் போனுக்கு வரும்.

பெட்டியிலிருந்து ஒன்றும் வரவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் தேடுவார்கள். அதற்காக எட்டாவதாக ஒரு கன்டெய்னர். அவளுடைய ஒரு நல்ல நாளின் அளவுகளை எடுத்து, அதையே தினமும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வைத்தேன். நர்ஸின் திரையில் என் மனைவி எப்போதும் நன்றாக இருந்தாள்.

போன் நின்றது.

"அக்கா ஏன் கூப்பிடறதே இல்ல?" என்றாள்.

"நீ நல்லாயிருக்க, அதான்" என்றேன்.

அவள் அண்ணன் ஒரு நாள் வந்தார். "என்ன மாப்ள, வீடு பரீட்சை ஹால் மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அவருக்கு அதற்கு மேல் எதுவும் உறைக்காது.

இருபத்திரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. இருபத்து மூன்றாம் நாள் காலை பத்தரைக்கு நான் ஒரு வாடிக்கையாளருக்கு எங்கள் மென்பொருளை இயக்கிக் காட்ட வேண்டியிருந்தது. கணினியில் நினைவகம் போதவில்லை. திரை திக்கியது. ஒரு கன்டெய்னரை நிறுத்தியாக வேண்டும். கையேட்டின் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது: சொந்தக் கணினியில் நிறுவும்போது அலாரம் சர்வர் கட்டாயமில்லை. அதை நிறுத்தினேன். எட்டாவதை நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நிறுத்தியிருந்தால் ஐந்து நிமிடத்தில் அந்த நர்ஸ் போன் செய்திருப்பார்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது திரையின் ஓரத்தில் ஓர் எண் ஏறத் தொடங்கியது. அனுப்பப்படாத அலாரங்கள்: ஒன்று, இரண்டு, பதினேழு. கிளிப் நழுவினால் அளவு நேராகப் பூஜ்யத்துக்குப் போகும். பக்கத்தில் தெரிந்த அவளுடைய அளவோ எழுபத்தொன்று, அறுபத்தெட்டு என்று படிப்படியாக இறங்கியது. இந்த வித்தியாசத்தையும் கையேட்டில் நான்தான் எழுதியிருக்கிறேன். வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் கேள்வி கேட்டார். முட்டாள்தனமான கேள்வி. பொறுமையாகப் பதில் சொன்னேன்.

பதினொன்றரைக்கு முடிந்தது. அலாரம் சர்வரை மறுபடி ஓடவிட்டேன். காத்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டு அலாரங்களும் வரிசை மாறாமல் என் போனுக்கு வந்தன. ஒன்றுகூடத் தொலையவில்லை.

எழுந்து அறைக்குப் போய்ப் பார்த்தேன். திரும்பி வந்து எட்டு கன்டெய்னர்களையும் அழித்தேன். ஒரே கட்டளை. பெட்டியில் பழைய முகவரியைப் போட்டேன். அதன் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

அவள் இறந்தது பதினொன்று பத்துக்கு என்றார் மருத்துவர். ஆஸ்பத்திரிப் பதிவில் பதினொன்று நாற்பது வரை தொண்ணூற்றேழு. அலாரத்தைக் கவனிக்காத நர்ஸ் பின்னால் பதிவைத் திருத்திவிட்டார் என்று முடிவு கட்டினீர்கள். இருபத்து மூன்று நாளும் ஒரே எண்கள்தான் என்று ஒப்பிட்டுப் பார்க்க உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்கு வேலை போயிற்று. வழக்கும் வரப்போகிறது.

நேற்று என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தம்பி, சத்தியமா என் திரையில பச்சையாத்தான் இருந்துச்சு. நீங்களாவது நம்புங்க."

நம்புகிறேன் என்றேன்.

அவர்மேல் இரக்கப்பட்டு இதை எழுதவில்லை. தன் கடவுச்சொல்லையே வாரம் ஒரு முறை மறந்துபோகிறவர் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையைச் செய்திருப்பார் என்று நம்பினீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. இதைச் செய்தது நான்.

ஒரு திருத்தம் மட்டும். அவள் கடைசியாகச் சொன்னது "நீ வேலையப் பாரு" என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அவள் அண்ணன் அதையே சொல்லிச் சொல்லி அழுதார். அது பொய்யில்லை, பாதி. எண் ஏறிக்கொண்டிருந்தபோது அறைக்கதவு திறந்திருந்தது. என் ஒரு காதில் ஹெட்போன் இல்லை. அவள் சொன்னது முழுதாக இதுதான்:

"நீ வேலையப் பாரு, எழுந்து வராத. அந்த அக்காவுக்கு மட்டும் ஒரு போன் போட்டுக் குடு."